பதினேழாம் எண் ஒலி

நான் ஊருக்கும் உலகத்துக்கும் முதலில் கொடுத்தவை நாற்பத்தொரு ஒலிகள். அவற்றில் நாற்பதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கல் அரைக்கும் இயந்திரம் கல்லைக் கவ்வும் சத்தம், டிப்பர் லாரியின் பின்கதவுச் சங்கிலி, பாறையில் இறங்கும் துளைக்கம்பி, கேன்டீனில் கவிழ்த்து வைக்கும் எவர்சில்வர் தம்ளர்கள், இப்படி நாற்பது. பதினேழாம் எண் மட்டும் ஒரு மனிதரின் குரல். நீளம் இரண்டேகால் விநாடி. அதை எப்படிக் கொடுத்தேன், கொடுத்ததை ஏன் திரும்ப வாங்க முடியவில்லை என்பதை எழுதி வைத்துவிட வேண்டும். எனக்கு எழுபது தாண்டிவிட்டது. இதெல்லாம் தெரிந்தவர்கள் என்னையும் சேர்த்து மூன்று பேர்தான்.

அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் முப்பத்தொரு வருடம் டைம் ஆபீசில் இருந்தேன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று எழுதுவது வேலை. வேலையால் எண்ணும் பழக்கம் வந்ததா, பழக்கத்தைப் பார்த்து வேலை கொடுத்தார்களா என்று என் மனைவி இன்றும் கேட்பாள். படி ஏறினால் படிகளை எண்ணுவேன். பஸ்ஸில் ஏறினால் தலைகளை எண்ணுவேன். எண்ணிக்கை தவறிவிட்டால் அன்று முழுவதும் மனம் சரியாக இருக்காது.

சுரங்கத்தில் மதியம் ஒரு மணிக்குப் பாறைக்கு வெடி வைப்பார்கள். அதற்கு முன்னால் ஒருவர் சிவப்புக் கொடியோடு மண்மேட்டில் ஏறி நின்று மூன்று தடவை குரல் கொடுப்பார். "ஒதுங்கேய்" என்ற ஒரே சொல்தான். முதல் குரலை நீளமாக இழுப்பார். ஆடு மாடு மேய்ப்பவர்கள் அதைக் கேட்டு ஓட்டித் திருப்ப வேண்டும். இரண்டாவது குரல் கனமாக வரும். வயலில் இருப்பவர்கள் மரத்தடிக்கோ வீட்டுக்கோ போய்விட வேண்டும். மூன்றாவது வெட்டினாற்போலக் குறுகலாக வரும். அதற்குப் பிறகு யாரும் வெளியே தலை காட்டக் கூடாது. பிறகு தரை ஒரு தடவை குலுங்கும். ஊதுவதற்கு மின்சாரச் சங்கும் இருந்தது. கரன்ட் போன நாளில் சங்கு ஊதாது என்பதால் குரலையும் விடாமல் வைத்திருந்தார்கள். என் காலத்தில் இருபது வருடம் ஒரே ஆள்தான் கூப்பிட்டார். எல்லோரும் அவரைக் கொடிக்காரர் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கும்போது, மூன்று குரல்களுக்கும் நடுவில் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன். நாளுக்கொரு கணக்கு வந்தது. பிழை அவர் குரலிலா என் கண்ணிலா என்று தெரியாமல் சாப்பாடு இறங்கவில்லை. கடைசி மாதம் வீட்டிலிருந்து டேப் ரெக்கார்டரைப் பையில் வைத்துக் கொண்டுபோய், மேட்டின் கீழே நின்று பதிவு செய்தேன். கொடிக்காரர் மேலிருந்து பார்த்துவிட்டார்.

"என்ன சார், கிரிக்கெட்டா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"எத்தினி விக்கெட்டு?"

"மூணு" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே திரும்பிக் குரல் கொடுக்க ஆரம்பித்தார். அவரிடம் நான் சொன்ன முதல் பொய் அது.

பன்னிரண்டு நாள் பதிவு செய்தேன். முதல் குரலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் எழுபது விநாடி. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் ஐம்பது. மூன்றாவதுக்கும் வெடிக்கும் முப்பது. பன்னிரண்டு நாளும் ஒரே கணக்கு. அவர் கையில் கடிகாரம் கிடையாது. பிழை என் கண்ணில்தான். நிம்மதியாக ஓய்வு பெற்றேன்.

பெரம்பலூரில் வீடு கட்டி வந்த பிறகு அவரை நான் பார்க்கவில்லை. இரண்டாயிரத்து இரண்டில் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார் என்று கேள்விப்பட்டேன். செய்தி வந்தபோது பதினெட்டு நாள் ஆகியிருந்தது. சாவுக்கும் போகவில்லை, கருமாதிக்கும் போகவில்லை.

அடுத்த வருடம் மகள் ஒரு கம்ப்யூட்டரை வாங்கி அனுப்பி வைத்தாள். ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யில் பாட்டுக்கு இசை சேர்க்கும் மென்பொருள் ஒன்று இருந்தது. அதற்கு விலை கிடையாது. அது எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பதையே திறந்து வைத்திருந்தார்கள். தெரிந்தவர்கள் உள்ளே போய் எதையும் மாற்றலாம், மாற்றியதை எல்லோருக்கும் கொடுக்கலாம். எனக்கு இசை தெரியாது. ஆனால் அதைத் திறந்ததும் திரையில் ஒரு வரிசைக்குப் பதினாறு கட்டங்கள் வந்தன. எந்தக் கட்டத்தைத் தொடுகிறோமோ அந்த இடத்தில் ஒரு அடி விழும். எண்ணுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? மூன்று மாதம் மனைவி என் முதுகை மட்டும்தான் பார்த்தாள்.

அந்த மென்பொருளைச் செய்தவர்கள் பல நாடுகளில் இருந்தார்கள். மின்னஞ்சலில் ஒரு குழு வைத்துப் பேசிக்கொண்டார்கள். நான் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படிப்பேன். ஒரு சமயம், மென்பொருளோடு சேர்த்துக் கொடுக்கப் புதிய ஒலிகள் வேண்டும், உங்கள் ஊர்ச் சத்தங்களை அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். எனக்குச் சுரங்கத்து கேசட் ஞாபகம் வந்தது. அதில் குரல் மட்டும் இல்லை, பன்னிரண்டு நாளில் சுற்றியிருந்த எல்லாச் சத்தமும் இருந்தது.

அவர்களுக்கு விதிகள் இருந்தன. ஒரு கோப்பில் ஒரே ஒரு சத்தம். மூன்று விநாடிக்கு மேல் போகக் கூடாது. முன்னும் பின்னும் இருக்கும் மௌனத்தை வெட்டிவிட வேண்டும். நான் விதிக்குக் கட்டுப்பட்ட ஆள். கொடிக்காரரின் முதல் குரல் தெளிவாக இருந்தது, அதை வைத்துக்கொண்டேன். எழுபது விநாடி மௌனத்தையும் மற்ற இரண்டு குரலையும் வெட்டினேன்.

ஒவ்வொரு ஒலிக்கும் மூன்று கேள்விகள் கொண்ட படிவம். நீங்களே பதிவு செய்ததா? இதில் யாருடைய குரலாவது இருந்தால் அவர் சம்மதம் பெற்றீர்களா? யார் வேண்டுமானாலும் இதை எடுத்து, மாற்றி, எதில் வேண்டுமானாலும் பயன்படுத்த ஒப்புக்கொள்கிறீர்களா? நாற்பத்தொரு ஒலிக்கு நூற்று இருபத்து மூன்று தடவை ஆம் என்று எழுதினேன். அதில் ஒரு ஆம் பொய். எழுதும்போதே தெரியும். செத்தவரிடம் போய் எப்படிக் கேட்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்பதற்கு அவர் மனைவி இருந்தார். அது எனக்குத் தோன்றவில்லை என்று இங்கே எழுதினால் அதுவும் பொய்யாகும்.

ஒலிகளோடு பிரீசெட்டுகளும் செய்து கொடுக்கச் சொன்னார்கள். எந்தச் சத்தம் இசைக் கீபோர்டின் எந்தக் கட்டையில் இருக்க வேண்டும், எவ்வளவு உரக்க, எவ்வளவு எதிரொலியோடு வர வேண்டும் என்று முன்கூட்டியே பொருத்திக் கொடுத்துவிட்டால், திறந்தவுடன் வாசிக்கலாம். நான் ஐந்து பிரீசெட் செய்தேன். ஒன்றில் பதினேழாம் எண்ணை அறுபத்தொரு கட்டைகளிலும் பரப்பினேன். இடது ஓரத்தில் அமுக்கினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இழுத்துக்கொண்டு வரும். வலது ஓரத்தில் சின்னப் பிள்ளை கத்துவது போல வரும். எங்கே அமுக்கினாலும் அவர் ஒதுங்கத்தான் சொன்னார். மனைவி அடுப்படியிலிருந்து, "அந்தாள வுடுங்க, பாவம். ஒரு நாளைக்கு எத்தினி தடவ கத்துவாரு" என்றாள். நான் எண்ணிப் பார்த்தேன். அன்றைக்கு நூற்று நாற்பது.

எங்கள் ஊரில் இணைய வேகம் போதாது என்பதால், மென்பொருளையும் என் ஒலிகளையும் சேர்த்து இருபத்தைந்து சி.டி. எழுதினேன். இப்படிப் பிரதி எடுத்துக் கொடுப்பதை மென்பொருளின் உரிமமே அனுமதித்தது, ஊக்குவிக்கவும் செய்தது. ஒவ்வொன்றிலும் ஸ்கெட்ச் பேனாவால் எண் போட்டேன். பெரம்பலூரிலிருந்து அரியலூர் வரை ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு ஒன்பது, கச்சேரிக் குழுக்களுக்கு ஆறு, பள்ளிகளுக்கு நான்கு, கல்லூரிகளுக்கு மூன்று, மாதா கோயில்களுக்கு இரண்டு, ஒரு நாட்டிய டீச்சருக்கு ஒன்று. யாருக்கு எந்த எண் என்று நோட்டில் இருக்கிறது.

இரண்டாயிரத்து ஆறில் ஒரு காலை பத்தரை மணிக்கு ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு சாமிப் பாட்டு சி.டி.யின் அட்டை. கதவைத் திறந்த என் மனைவியிடம், டைம் ஆபீஸ் சார் வீடுதானே என்று கேட்டார். என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டார்.

"சார், தெரியுதுங்களா? கொடிக்காரரு வூட்டுல."

உட்காரச் சொன்னேன். தரையில் உட்காரப் போனவரை என் மனைவி பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். காப்பி வந்தது, குடிக்கவில்லை.

நடந்தது இதுதான். அவர்கள் ஊர் ஐயனார் கோயில் திருவிழாவுக்காகக் காலையிலேயே மைக் செட் கட்டியிருக்கிறார்கள். அரியலூரில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் செய்த புதுப் பாட்டு ஓடியிருக்கிறது. சாமியின் குதிரை வரும் இடத்திலெல்லாம் வழிவிடச் சொல்லி ஒரு குரல். அந்த அம்மா வாசலில் சட்டியில் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தார். குரல் கேட்டது. மனசுக்குத் தெரிவதற்கு முன்னால் கை எழுந்து ஆட்டை அவிழ்த்து உள்ளே ஓட்டி, சட்டிக்கு மூடி போட்டுவிட்டது. இருபது வருடப் பழக்கம். முதல் குரலுக்கு ஆடும் சட்டியும், இரண்டாவதுக்குப் பிள்ளைகள், மூன்றாவதுக்கு அவர். பிள்ளைகள் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். சுரங்கத்தின் அந்தப் பக்கத்துக் குழியில் இப்போது தண்ணீர் நிற்கிறது, வெடியும் இல்லை, குரலும் இல்லை. ஆனாலும் கதவைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது குரலுக்காக நின்றிருக்கிறார். வந்தது மறுபடியும் முதல் குரல். பிறகும் முதல் குரல்.

"எத்தனை தடவை வந்தது?" என்று கேட்டுவிட்டேன். மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"பதினொண்ணு" என்றார் அந்த அம்மா. என்னைப் போல அவரும் எண்ணியிருந்தார்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் பயமுறுத்தியிருக்கிறார்கள். செத்தவர்கள் கூப்பிட்டால் பதில் சொல்லிவிடாதே, கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று. இந்த அம்மாவுக்கு அந்தப் பயம் இல்லை. அவர் கவலை வேறு.

"மூணாவது கூப்புடாம அவரு மேட்ட வுட்டு எறங்க மாட்டாரு சார். மழையானாலும் எறங்க மாட்டாரு. அதான் வேல. இப்ப ஒண்ணாவதுலயே நிறுத்திப் புட்டாங்க. எறங்கவே இல்ல அவரு." காப்பித் தம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, "அதத் திருப்பி வாங்கிக் குடுத்துடுங்க சார்" என்றார்.

ஒலிப்பதிவுக் கூடத்துக்காரர்தான் என் விலாசத்தைக் கொடுத்திருந்தார். என்மேல் தப்பு இருக்கும் என்று அந்த அம்மா நினைத்ததாகத் தெரியவில்லை. ஆபீஸ்காரர், எங்கோ எழுதிப் போட்டு வாங்கிக் கொடுப்பார் என்று வந்திருந்தார். வாங்கித் தருகிறேன் என்றேன்.

அன்று முதல் பல வாரம் என்னால் அந்தக் கோப்பைத் திறக்க முடியவில்லை. திறக்காமலும் கேட்டது. மதியம் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் எங்கோ முதல் குரல் எழும், நான் விநாடிகளை எண்ண ஆரம்பிப்பேன். எழுபது வரும். ஒன்றும் வராது. எழுபத்தொன்று, எழுபத்திரண்டு என்று போய்க்கொண்டே இருப்பேன். முந்நூறில் ஒரு நாள் மனைவி தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். "எண்ணி முடிச்சிட்டுக் கூப்புடுங்க, சூடு பண்ணித் தரேன்."

நோட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஐந்து வாரத்தில் இருபத்திரண்டு சி.டி. திரும்பி வந்தன. ஒரு கச்சேரிக் குழுவின் கீபோர்டுக்காரர் திருப்பூருக்குப் போய்விட்டார், சி.டி.யும் போய்விட்டது. ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கொடுக்கவே இல்லை என்று சாதித்தார்கள். இன்னொன்று வாலிகண்டபுரம் பக்கம் மக்காச்சோளக் கொல்லையில் கிளியை விரட்டத் தொங்கிக்கொண்டிருந்தது. எண் எட்டு. காற்றில் சுழன்று பளபளத்தது. அதை அவிழ்த்துக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்துக்காரர் நல்ல மனிதர், பாட்டிலிருந்து குரலை எடுத்துவிடுவதாகச் சொன்னார். "ஆனா வித்தது வித்ததுதான் சார். வூடு வூடா போயி சாமிப் பாட்டப் புடுங்க முடியுமா?" என்றார். முடியாது.

மின்னஞ்சல் குழுவுக்கு நீளமாக எழுதினேன். ஒரு ஆம் பொய் என்பதையும் எழுதினேன். ஒருங்கிணைப்பாளர் மூன்றாம் நாள் பதில் போட்டார். மிக மரியாதையான பதில். அடுத்த பதிப்பில் நீக்கிவிடுகிறோம். ஆனால் ஏற்கெனவே எடுத்தவர்களிடமிருந்து திரும்ப வாங்க வழி இல்லை, ஒரு முறை கொடுத்ததைப் பறிக்க முடியாது என்பதே இந்த உரிமத்தின் பொருள். இதுவரை எத்தனை பேர் எடுத்திருப்பார்கள் என்று கேட்டிருந்தேன். அதற்கு ஒரே வரி: நாங்கள் எண்ணுவதில்லை.

அந்த வரியை நான் பல தடவை படித்தேன். ஒருவர்கூடவா எண்ணவில்லை?

பிறகு அந்த அம்மாவின் ஊருக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். காற்றில் கலந்த மாதிரி, இனிப் பிடிக்க முடியாது என்றேன். அவர் ஆட்டுக்குத் தழையை அள்ளிப் போட்டார். பிறகு, "சரி, ரெண்டாவதும் மூணாவதும் உங்ககிட்டதானே இருக்கு? அதக் கொண்டாங்க. நான் கேட்டுக்கறேன். எனக்காச்சும் அவரு எறங்கட்டும்" என்றார்.

கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். என்னிடம் இல்லை. நாற்பத்தொன்றும் போன பிறகு, அடுத்த தொகுப்புக்கு என்று அதே கேசட்டின் இரண்டு பக்கத்திலும் ஏரித் தவளைகளைப் பதிந்துவிட்டேன். ஒரு தடவைக்கு மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். தவளைகள்தான்.

நான்கு நாள் உட்கார்ந்து வேலை செய்தேன். முதல் குரலையே பிரதி எடுத்து, சுருதியைக் கொஞ்சம் இறக்கி, கனம் கூட்டி இரண்டாவது ஆக்கினேன். இன்னொரு பிரதியின் வாலை வெட்டி மூன்றாவது ஆக்கினேன். நடுவில் எழுபது, ஐம்பது என்று மௌனத்தை மறுபடி வைத்தேன். வெட்டி எறிந்த மௌனத்தை மட்டும் திரும்பச் செய்ய முடிந்தது. அது யார் வைத்தாலும் ஒன்றுதான். மனைவியிடம் போட்டுக் காட்டினேன். "எனக்கு வித்தியாசம் தெரியல. அதுக்காக அவளுக்கும் தெரியாதுன்னு போயி நிக்காதீங்க" என்றாள். போனேன்.

அவர் வீட்டு வாசலில் டேப் ரெக்கார்டரை முக்காலியில் வைத்துப் போட்டேன். கேசட்டும் சி.டி.யும் ஓடும் பெட்டி அது. முதல் குரல் வந்தது. அந்த அம்மா ஆட்டைப் பிடித்து உள்ளே கட்டினார். எழுபது விநாடியும் நாங்கள் இருவரும் அசையவில்லை. இரண்டாவது வந்தது. பிறகு மூன்றாவது. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார்" என்றார். "இது மூணும் ஒண்ணாவதுதான்."

நான் பெட்டியை நிறுத்தினேன்.

"ஒண்ணாவது மேக்கால பாத்துக் கூப்புடுவாரு, அங்கதான் மாடு நிக்கும். ரெண்டாவது தெக்கால. மூணாவதுக்கு எங்க வூட்டுப் பக்கம் திரும்பி நிப்பாரு. அது நேரா இந்த வாசல்ல வந்து வுழும். இதுல ஒண்ணுகூட இந்தப் பக்கம் திரும்பல சார்."

பன்னிரண்டு நாள் மேட்டுக்கடியில் நின்று விநாடிக் கணக்கு எடுத்தவன் நான். அவர் திரும்பியதை ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கிரிக்கெட் என்று சொன்னது, படிவத்தில் எழுதிய பொய், தவளைகள், நான்கு நாள் ஏமாற்று வேலை. எத்தனை பொய் என்றும் சொன்னேன். அந்த அம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். எழுந்து வாசலைக் கடந்து வேப்பமரத்துப் பக்கம் போனார். தெற்கே திரும்பி நின்றார். இரண்டு கையையும் வாய்க்கு இருபுறமும் வைத்துக்கொண்டு,

"ஒதுங்கேய்" என்றார்.

பெண் குரல்தான். ஆனால் கனம் அப்படியே இருந்தது. எதிர்க் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்த ஒரு கிழவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு மரத்தடிக்கு நடந்தார். யார் கூப்பிட்டது என்று அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் என்னையறியாமல் எண்ணினேன். நாற்பத்தொன்பதில் அந்த அம்மா வீட்டைப் பார்த்துத் திரும்பினார். ஐம்பதில் மூன்றாவது குரல் வந்தது. வெட்டினாற்போல, குறுகலாக. என் மேலே வந்து விழுந்தது.

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "பொட்டியில பதியுமா சார்?"

பதியும், ஆனால் உங்கள் சம்மதம் வேண்டும் என்றேன். என்ன சம்மதம், நான்தானே சொல்கிறேன் என்றார். காகிதத்தில் எழுதிப் படித்துக் காட்டினேன். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், திரும்ப வாங்க முடியாது என்று ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். கையெழுத்துப் போட்டார்.

"ஒண்ணாவது எங்கெங்க போச்சோ, அங்கல்லாம் இது பின்னாடியே போவணும். அவ்ளோதான்" என்றார்.

மறுபடி கூப்பிடச் சொல்லிப் பதிவு செய்தேன். மரத்தடியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்த கிழவர் மறுபடியும் மரத்தடிக்குப் போனார்.

பதினேழை நீக்க வேண்டாம், இவை இரண்டையும் நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று என்று சேர்த்துக்கொள்ளுங்கள் என்று குழுவுக்கு எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள். அதோடு நான் ஒரு பிரீசெட்டும் செய்து அனுப்பினேன். அதில் பதினேழை அமுக்கினால் போதும், எழுபது விநாடி கழித்து நாற்பத்திரண்டும், அதற்கு ஐம்பது விநாடி கழித்து நாற்பத்து மூன்றும் தானாக வரும். அதுவரை செய்ததில் அதுதான் கடினமான வேலை. புதிய பதிப்பு வந்தது. சி.டி.யைத் திரும்பக் கொடுத்த இருபத்திரண்டு இடங்களுக்கும் அதை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இரண்டாயிரத்து ஏழின் தொடக்கத்தில் அதற்கும் அடுத்த பதிப்பு வந்தது. திறந்து பதினேழை அமுக்கினேன். மூன்று குரலும் ஒரே சமயத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழுந்தன. என்ன சொல்லாக இருக்கும் என்றே தெரியாத ஒரு சத்தம். மாற்றங்களின் பட்டியலில் பார்த்தேன். கட்டையை அமுக்கி இரண்டு நிமிடம் கழித்துச் சத்தம் வருவது பிழை என்று நினைத்து, முகம் தெரியாத ஒருவர் திருத்தியிருந்தார். நல்ல எண்ணத்தில்தான். யாரும் திருத்தலாம் என்பதுதானே விதி. மறுபடி எழுதி, அது பிழை இல்லை என்று விளக்கி, பழையபடி வைக்கச் செய்தேன். நடுவில் மூன்று வாரம் போய்விட்டது. அந்த மூன்று வாரத்தில் எடுத்தவர்கள் எத்தனை பேரோ.

அதே மாதம் குழுவில் ஒருவர் தன்னுடைய இசையைக் கேட்கச் சொல்லி அனுப்பியிருந்தார். எந்த நாடு என்று தெரியாது. ஆறு நிமிடம். நடுவில் நம் கொடிக்காரர். அறுபத்து நான்கு தடவை முதல் குரல். நான் கடைசி வரை கேட்டேன், முடிந்த பிறகும் இரண்டு நிமிடம் கேட்டேன். அதைச் செய்தவர் வைத்திருந்தது பழைய பதிப்பு. அழகான இசை என்று எல்லோரும் பாராட்டி எழுதியிருந்தார்கள்.

பங்குனியில் அந்த அம்மா பெரம்பலூருக்கு ஏதோ வேலையாக வந்தவர் வீட்டுக்கும் வந்தார். இந்தத் தடவை காப்பியைக் குடித்தார். என் மனைவியோடு பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னைக் கேட்டார்.

"போயிடுச்சா சார் எல்லா எடத்துக்கும்?"

ஆம் என்று ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நூற்று இருபத்து மூன்று தடவை எழுதிப் பழகிய கை. என் மனைவி பின்னால் நின்று என் சட்டையைத் தொட்டாள், சொல்லிவிடுங்கள் என்பது போல.

"கொஞ்ச எடத்துக்குப் போயிருக்கும்மா" என்றேன். "பாக்கிக்குப் போகல. போகவும் போகாது. எத்தனை எடம்னு எனக்குத் தெரியல."

"தெரியலன்னு சொல்லவா இவ்ளோ யோசன" என்றார் அந்த அம்மா. பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "அப்ப அங்கல்லாம் அவரு நின்னுக்கிட்டுத்தான் இருக்காரு?"

"ஆமாம்மா."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில்தான் காரணமாக இருக்கலாம்.

"நிக்கட்டும்" என்றார். "நிக்கிறதுக்குத்தானே சம்பளம் வாங்கினாரு." பையைத் தோளில் மாட்டினார். "எங்க வூட்டு வாசலுக்கு மட்டும் எறங்கிட்டாரு சார். நான் பாத்தேன்."

அரியலூர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். சொன்னேன். தெருமுனை திரும்பும் வரை நானும் மனைவியும் பார்த்துக்கொண்டு நின்றோம். எதைப் பார்த்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவர் எத்தனை அடி வைத்துப் போனார் என்றும் அன்றைக்கு எண்ணவில்லை.